விடுவதும் தடுப்பதும் ஒரே சொல்

சென்ற வருடம் ஒருநாள் தரம் 11 மாணவிகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்திக் கொண்டிருந்தேன். "எனது இலட்சியம்" என்பது தலைப்பு. வழக்கம்போலப் பாதிப் பேர் வைத்தியர்கள், மீதிப் பேர் ஆசிரியைகள். ஒரு மாணவியின் தாளில் கடைசி வசனம் இப்படி இருந்தது: "மை ஃபாதர் வில் நொட் லேட் மீ டு டூ ஏ லெவல்."

ஒரே வசனத்தில் இரண்டு பிழைகள். 'லேட்' என்பது 'லெட்' என்று இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் 'டு' வரக்கூடாது. இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, இரண்டு புள்ளிகளைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

மறுநாள் தாள்களைக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை என் மேசையருகே வந்து நின்றாள். "இத எப்படி டீச்சர் எழுதணும்?" என்று கேட்டாள். "மை ஃபாதர் வில் நொட் லெட் மீ டூ ஏ லெவல்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் அதைக் கொப்பியில் எழுதி என்னிடம் காட்டினாள். "இப்ப சரியா டீச்சர்?" "சரி" என்றேன். "ஓம் டீச்சர், சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் அந்த வசனத்தை நான் வாசித்தேன். அதுவரை அதைத் திருத்தத்தான் செய்திருந்தேன்.

"என் வாப்பா என்னை உயர்தரம் படிக்க விடமாட்டார்."

அன்று வீட்டுக்குப் போய் அந்த 'லெட்' என்ற சொல்லைப் பெரிய அகராதிகளில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மூன்றே எழுத்துள்ள அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு கதை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மாணவிகளுக்கு ஒரு பாடமாகவும், பெற்றோருக்கு ஒரு செய்தியாகவும் அதை இங்கே எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பு

ஆங்கில மொழியின் மிகப் பழைய பருவம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரையிலானது. அதைப் பழைய ஆங்கிலம் என்பார்கள். 1066ஆம் ஆண்டு பிரான்ஸின் நோர்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகு பிரெஞ்சுச் சொற்களும் இலத்தீன் சொற்களும் ஆங்கிலத்தில் வந்து குவிந்தன. அனுமதி கொடுப்பதைக் குறிக்கும் 'அலவ்' பிரெஞ்சின் வழியாக வந்தது. 'பேர்மிட்' இலத்தீனிலிருந்து வந்தது. ஆனால் 'லெட்' அந்த மண்ணின் பழைய சொல். ஜேர்மன் மொழியின் 'லாசன்' என்ற வினைச்சொல் அதற்கு உறவு.

இந்தப் பிறப்பு வேறுபாடு இன்றும் தெரிகிறது. அலுவலக அறிவித்தலில் 'நொட் பேர்மிட்டட்' என்று எழுதுவார்கள். பாடசாலை விதிகளில் 'நொட் அலவ்ட்' என்று வரும். வீட்டில் பேசும்போதோ 'லெட்'தான் வாயில் வரும். மூன்றுக்கும் பொருள் ஒன்று, இடம் வேறு.

பழைய ஆங்கிலத்தில் 'லெட்' ஏறத்தாழ 'லேட்டன்' என்று நெடிலாக ஒலித்தது. அதற்கு ஒன்றல்ல, பல பொருள்கள் இருந்தன. ஒரு பொருளை விட்டுச் செல்வது, பிடித்ததை விடுவது, ஒருவரை ஒன்றைச் செய்ய விடுவது, நிலத்தை வாடகைக்கு விடுவது ஆகிய எல்லாவற்றையும் அது குறித்தது.

நான் எழுதியதை ஒருமுறை திரும்பப் பாருங்கள். நான்கு பொருள்களையும் தமிழில் சொல்ல எனக்கு ஒரே சொல்தான் தேவைப்பட்டது. 'விடு' என்பதே அது. ஆங்கிலமும் தமிழும் உறவு மொழிகள் அல்ல. ஒன்றையொன்று பார்க்காமலேயே இரண்டு மொழிகளும் அனுமதி என்பதை ஒரே விதமாக விளங்கிக்கொண்டிருக்கின்றன. பிடித்திருக்கும் கையைத் தளர்த்துவதுதான் அனுமதி.

ஆகவே 'லெட்' வரும் இடங்களில் 'அனுமதி' என்று மட்டும் மனனம் செய்யாதீர்கள். 'விடு' என்று நினைத்துப் பாருங்கள். கொழும்பில் வீட்டு மதில்களில் 'டு லெட்' என்று பலகை தொங்கும். 'வாடகைக்கு விடப்படும்' என்பதுதான் அது. இரகசியத்தை வெளியே விடுவது 'லெட் அவுட்'. ஒருவரை உள்ளே விடுவது 'லெட் இன்'. தண்டிக்காமல் விடுவது 'லெட் ஓஃப்'. நம்பியவரைக் கைவிடுவது 'லெட் டவுன்'. பழைய காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் நோயாளியின் உடலிலிருந்து இரத்தத்தை வெளியே விட்டதற்கு 'பிளட் லெட்டிங்' என்று பெயர்.

'லெட் அலோன்' என்ற தொடர் பல மாணவிகளைத் திணற வைக்கும். "ஹி கான்ட் வோக், லெட் அலோன் ரன்" என்றால், "அவரால் நடக்கவே முடியாது, ஓடுவதை விடுங்கள்" என்று பொருள். தமிழிலும் அதே 'விடு'தான் வந்து நிற்கிறது.

பிழையின்றிப் பயன்படுத்த

இனி இலக்கணம். நான் திருத்தும் தாள்களில் இந்தச் சொல்லில் வரும் பிழைகள் பெரும்பாலும் ஐந்து வகை.

முதலாவது, 'லெட்' இற்குப் பின் வரும் வினைச்சொல்லின் முன்னால் 'டு' வராது. "மை மதர் லெட்ஸ் மீ குக்" என்பதே சரி. ஆனால் 'அலவ்', 'பேர்மிட்' இரண்டுக்கும் 'டு' கட்டாயம் வேண்டும். "மை மதர் அலவ்ஸ் மீ டு குக்." இரண்டையும் கலப்பதால்தான் பிழை வருகிறது.

இரண்டாவது, இந்த வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. நிகழ்காலம், இறந்தகாலம், முடிவெச்ச வடிவம் மூன்றும் 'லெட்'தான். 'லெட்டட்' என்று ஒரு சொல் இல்லை. "ஹி லெட்ஸ்" என்று 'எஸ்' சேர்ந்தால் நிகழ்காலம். "ஹி லெட்" என்று 'எஸ்' இல்லாமல் வந்தால் இறந்தகாலம். "தே லெட் மீ கோ" என்று வந்தால், அவர்கள் வழக்கமாக விடுகிறார்களா, முன்பு ஒருமுறை விட்டார்களா என்பதைச் சூழலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, செயப்பாட்டு வினையில் 'லெட்' நன்றாகப் பொருந்தாது. "நான் போக அனுமதிக்கப்பட்டேன்" என்பதற்கு "ஐ வொஸ் அலவ்ட் டு கோ" என்று எழுதுங்கள். 'லெட் இன்', 'லெட் ஓஃப்' போன்ற கூட்டுகள் மட்டும் இதற்கு விலக்கு. "ஷி வொஸ் லெட் ஓஃப்" என்பது சரியான ஆங்கிலம்.

நான்காவது, 'லெட் அஸ்' என்பதும் 'லெட்ஸ்' என்பதும் எப்போதும் ஒன்றல்ல. தோழியிடம் "லெட்ஸ் கோ" என்றால் "வா, நாம் போவோம்" என்று பொருள். அதிபரிடம் "ப்ளீஸ் லெட் அஸ் கோ" என்றால் "எங்களைப் போக விடுங்கள்" என்று பொருள். முதலாவதில் கேட்பவரும் சேர்ந்து போகிறார். இரண்டாவதில் கேட்பவர் வரமாட்டார். விட மட்டும் வேண்டும். பேச்சில் நாங்கள் கலந்து பேசினாலும், எழுத்துத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொற்கள் இருப்பதால் இந்த வேறுபாடு உங்களுக்கு எளிதில் பிடிபடும். ஆங்கிலத்தில் 'அஸ்' என்ற ஒரு சொல்தான் இரண்டுக்கும் உண்டு.

இந்த 'லெட்ஸ்' இல் 'டி' இற்கும் 'எஸ்' இற்கும் நடுவில் மேற்குறி வேண்டும். அது 'அஸ்' என்பதன் சுருக்கம். "ஹி லெட்ஸ்" என்று வரும்போது அந்தக் குறி வரக்கூடாது.

ஐந்தாவது, "லெட் ஹிம் ரைட்" என்பது. சிலவேளை "அவனை எழுத விடு" என்று பொருள் தரும். சிலவேளை யாரிடமும் எதையும் கேட்காமல் "அவன் எழுதட்டும்" என்று மட்டும் பொருள் தரும். அரபு படிக்கும் மாணவிகள் "லியக்துப்" என்ற வடிவத்தை நினைத்துப் பாருங்கள். வினைச்சொல்லின் முன்னால் கட்டளை லாம் வந்து "அவன் எழுதட்டும்" என்ற பொருளைத் தருகிறது. தமிழில் அந்த வேலையைச் செய்வது 'அட்டும்' என்ற இறுதி. 'எழுதட்டும்' என்பது 'எழுத ஒட்டும்' என்பதிலிருந்து வந்தது என்று இலக்கண ஆசிரியர்கள் விளக்குவர். 'ஒட்டு' என்பதற்கு இசைதல், சம்மதித்தல் என்றும் பொருள் உண்டு. "போக ஒட்டாமல் தடுத்தார்" என்று இன்றும் எழுதுகிறோமே, அந்த 'ஒட்டு'தான். ஆக, 'லெட்' இல் இருப்பதுபோல 'அட்டும்' என்பதற்குள்ளும் ஒரு சம்மதம் மறைந்திருக்கிறது.

கணித பாடத்திலும் இந்தச் சொல் வரும். "லெட் எக்ஸ் பீ ஃபைவ்" என்றால் "எக்ஸ் = 5 என்க" என்று பொருள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'புக்லெட்', 'லீஃப்லெட்' என்பவற்றின் இறுதியிலுள்ள 'லெட்' வேறு. அது பிரெஞ்சிலிருந்து வந்த, சிறியது என்று பொருள் தரும் விகுதி. நமது வினைச்சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் தண்ணீர் வெளியேறும் 'அவுட்லெட்' இல் இருப்பது நமது சொல்தான்.

இன்னொரு 'லெட்'

இதுவரை சொன்னது ஒரு 'லெட்'. இனிச் சொல்வது இன்னொன்று.

பிரித்தானியக் கடவுச்சீட்டின் உட்பக்கத்தில் ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வழி வந்த வேறு நாடுகளின் கடவுச்சீட்டுகளிலும் அதைக் காணலாம். இதை வைத்திருப்பவரைச் சுதந்திரமாகச் செல்ல விடுங்கள் என்று மற்ற நாடுகளைக் கேட்கும் வேண்டுகோள் அது. அதில் "விதவுட் லெட் ஓர் ஹிண்ட்ரன்ஸ்" என்ற தொடர் வரும். 'லெட்' என்றால் அனுமதி என்று மட்டும் படித்த மாணவி இங்கே குழம்பிப் போவாள். "அனுமதி இல்லாமலும் தடை இல்லாமலும்" போக விடுங்கள் என்று யாராவது எழுதுவார்களா?

இந்த 'லெட்' இற்குத் தடை என்று பொருள். ஆம், நேர் எதிர்ப்பொருள்.

மேசைப்பந்து விளையாடும் மாணவிகள் இதை நாள்தோறும் கேட்கிறார்கள். தொடக்க அடியில் பந்து வலையில் பட்டு, பிறகு சரியாக மறுபக்கம் விழுந்தால் நடுவர் "லெட்" என்பார். டெனிஸிலும் அப்படியே. பலர் அதை 'நெட்' என்று தவறாகக் கேட்கிறார்கள். பந்துக்குத் தடை ஏற்பட்டது, மீண்டும் அடியுங்கள் என்பதே பொருள். ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் எழுதிய ஹம்லெட் நாடகத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடரப் போகும் ஹம்லெட்டைத் தோழர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். தன்னை 'லெட்' செய்பவனைக் கொன்றுவிடுவதாக அவன் மிரட்டுகிறான். தன்னை விடுபவனை அல்ல, தடுப்பவனைத்தான் அப்படிச் சொல்கிறான்.

ஒரே சொல்லுக்கு எதிரெதிரான இரண்டு பொருள்கள் எப்படி வந்தன? உண்மையில் அவை ஒரு சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. விடுவதற்கு நெடிலுடன் 'லேட்டன்'. தடுப்பதற்குக் குறிலுடன் 'லெட்டன்'. நூற்றாண்டுகள் போகப் போக இரண்டும் தேய்ந்து 'லெட்' என்ற ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. "அவர் என்னை லெட் செய்தார்" என்றால் விட்டாரா, தடுத்தாரா என்று கேட்பவருக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு மொழி அப்படியே நீண்ட காலம் ஓட முடியாது. தடை என்ற பொருள் மெல்ல மெல்ல வழக்கிழந்தது. கடவுச்சீட்டிலும் விளையாட்டு மைதானத்திலும் மட்டும் அது மிஞ்சியிருக்கிறது.

தடுப்பதைக் குறித்த அந்த 'லெட்டன்' எங்கிருந்து வந்தது என்று தேடினேன். விடை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மெதுவான, பிந்திய என்று பொருள் தரும் ஒரு பழைய சொல்லிலிருந்து அது பிறந்திருக்கிறது. இன்று நாம் தமிழிலேயே பேசும் 'லேட்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். கடைசி என்று பொருள்படும் 'லாஸ்ட்' என்பதும் அதே குடும்பம். ஒருவரைத் தடுப்பது என்றால் அந்தப் பழைய மக்களுக்கு அவரைப் பிந்தச் செய்வது என்று பொருள். வாசலில் சுவர் எழுப்பத் தேவையில்லை. கதவைப் பூட்டவும் தேவையில்லை. தாமதப்படுத்தினால் போதும்.

அதற்கும் முந்திய காலத்துக்குப் போனால் இரண்டு சொற்களும் ஒரே வேரில் முடிகின்றன என்று மொழி வரலாற்று அறிஞர்கள் காட்டுகிறார்கள். தளர்தல், தளர விடுதல் என்பது அந்த வேரின் பொருள். பிடியைத் தளர்த்தினால் அது அனுமதி. நடையைத் தளர்த்தினால் அது தாமதம்.

என் மாணவி எழுதிய 'லேட்' எழுத்துப் பிழைதான். ஆனால் அவள் தன்னை அறியாமலே அந்தச் சொல்லின் உறவினரைத்தான் எழுதியிருந்தாள்.

வாப்பா சொன்னது

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய வாப்பா வந்தார். கடுமையான மனிதரை எதிர்பார்த்திருந்தேன். அவர் அப்படி இருக்கவில்லை. என் கேள்வியைக் கேட்டதும் அவருடைய முகம் வாடிவிட்டது.

"நான் புள்ளயத் தடுக்கல்ல டீச்சர். கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டுதான் சொன்னேன். ரிசல்ட் வரட்டும். ராத்தாட கலியாணம் முடியட்டும். நானாவும் வெளிநாட்டால வரட்டும்."

மூன்று 'அட்டும்'. ஒவ்வொன்றும் ஒரு சம்மதம் போலத்தான் ஒலித்தது. மூன்றையும் கூட்டினால் ஒரு தடை. "விடமாட்டேன்" என்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. அவள் மட்டும் அதைச் சரியாக மொழிபெயர்த்து எழுதியிருந்தாள்.

அவருடைய அச்சத்திலும் நியாயம் இருந்தது. அவள் விரும்பிய உயிரியல் பிரிவு எங்கள் பாடசாலையில் இல்லை. நகரத்துப் பாடசாலைக்கு பஸ்ஸில் போக வேண்டும். பின்னேர வகுப்பு முடிந்து வீட்டுக்கு வர மஃரிப் தாண்டிவிடும். "தனிய உட்டுட்டு என்னால நிம்மதியா இரிக்க ஏலாது டீச்சர்" என்றார். அவருக்கு 'விடுவது' என்பது 'கைவிடுவது' என்று பட்டிருக்கிறது. இரண்டுக்கும் சொல் ஒன்றுபோல இருந்தாலும் செயல் ஒன்றல்ல என்று சொன்னேன். பட்டம் விடும்போது பட்டத்தைத்தான் விடுகிறோம், நூலை விடுவதில்லை. உயர்தர வகுப்பு யாருக்காகவும் காத்திருக்காது, பிந்தி வரும் பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை யாரும் திரும்ப நடத்தமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. "பாப்பம் டீச்சர்" என்று எழுந்து போனார்.

பிறகு நடந்ததில் என் பங்கு குறைவு. அதே வீதியில் இன்னொரு பிள்ளையும் நகரத்துக்குப் படிக்கப் போவதை அவளுடைய உம்மாதான் விசாரித்து அறிந்தார். இருவரையும் சேர்த்து அனுப்ப இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டார்கள். மாலையில் பஸ் வரும் நேரத்துக்கு வாப்பா தரிப்பிடத்தில் போய் நிற்கிறார். அவள் இப்போது உயிரியல் பிரிவில் படிக்கிறாள். நான்கு மாதம் பிந்திச் சேர்ந்தாள். அந்த நான்கு மாதப் பாடங்களைத் தோழியரின் கொப்பிகளைப் பார்த்து இரவில் எழுதிக் கொண்டிருக்கிறாள். அது எப்படி முடியும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரப் போடாதீங்க" என்றாள்.

பெற்றோரே, நம்மில் மிகச் சிலர்தான் பிள்ளைகளைப் பார்த்து "படிக்காதே" என்று சொல்கிறோம். "வரட்டும், பார்ப்போம்" என்று சொல்பவர்கள் பலர். பழைய ஆங்கிலேயர் அந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை.

பயிற்சி

மாணவிகள் பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். விதிகள் மேலே இருக்கின்றன.

1. உம்மா என்னைத் தோழியின் வீட்டுக்குப் போக விட்டார்.
2. டீச்சர், எங்களை விளையாட விடுங்கள்.
3. வாருங்கள், நாம் விளையாடுவோம்.
4. நூலகத்தில் இருக்க எனக்கு அனுமதி அளிக்கப்பட்டது.
5. உங்கள் வீட்டாரைப் பற்றி, 'லெட்' என்ற சொல்லை வைத்து ஓர் உண்மையான வசனம்.

ஐந்தாவதை எழுதியவர்கள் என்னிடம் கொண்டு வாருங்கள். அதை முதலில் வாசிப்பேன். பிறகுதான் திருத்துவேன்.